பாலிசியில் எழுதாத நிபந்தனை

மாடி டாக்டருக்கு அந்தத் தெருவில் இன்னொரு பெயரும் உண்டு. நாளைக்கு டாக்டர். சளி என்று போனாலும் சரி, சுளுக்கு என்று போனாலும் சரி, ஒரு நாள் மாத்திரையைக் கையில் கொடுத்து, "நாளைக்கு ஒரு தடவ வந்து காட்டிட்டுப் போங்க" என்பாள். காசு பிடுங்கத்தான் இப்படி அலைக்கழிக்கிறாள் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் முணுமுணுப்பார்கள். இரண்டாம் தடவைக்கு அவள் காசே வாங்குவதில்லை என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொள்வார்கள்.

ஐம்பத்து நாலு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று மூக்கை நுழைப்பவர்களுக்குச் சொல்ல அவளிடம் சுவாரசியமான கதை எதுவும் கிடையாது. படித்தாள், பிறகு படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டாள், அம்மா போன பிறகு நிமிர்ந்து பார்த்தால் வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அவ்வளவுதான். இதில் காதல் தோல்வியும் இல்லை, கண்ணீர்க் காவியமும் இல்லை. மாடியில் முன்பக்கம் இரண்டு அறை க்ளினிக், பின்பக்கம் இரண்டு அறை வீடு. நடுவில் ஒரு கதவு. காலையில் அந்தக் கதவைத் திறந்தால் வேலைக்குப் போனதாக அர்த்தம், சாயங்காலம் மூடினால் வீட்டுக்கு வந்ததாக அர்த்தம். மூடிய பிறகு பேச ஆள் கிடையாது.

அதனால்தான் கீழே இருந்த லாண்டரி அவளுக்கு அத்தனை முக்கியம். கீழ்த்தளம் முழுக்க லாண்டரி அக்காவின் கடை. இரண்டு பெரிய வாஷிங் மெஷின், ஒரு நீராவி இஸ்திரி, சுவரெல்லாம் கம்பி, கம்பியெல்லாம் யார் யாருடையதோ சட்டை. இஸ்திரியின் ஆவி படிக்கட்டு வழியாக ஏறி க்ளினிக் வரை வரும். அக்கா டாக்டரைவிட மூன்று வயது பெரியவள். புருஷன் வேலை தேடி வெளியூர் போனவர், போனவர்தான். ஒரே மகள், படித்து ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். டாக்டரைச் 'சித்தி' என்றுதான் கூப்பிடுவாள். பள்ளிக்கூடத்து நாளிலிருந்து வந்த பழக்கம் அது.

மத்தியானம் இரண்டு பேரும் கடையைச் சாத்திவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பதினேழு வருஷம். பதினேழு வருஷம் தினமும் ஒரு மணி நேரம் பேசுவதற்கு அப்படி என்னதான் இருந்தது என்று கேட்டால் இருவருக்கும் சொல்லத் தெரியாது. கறை போகாத சட்டைகளைப் பற்றி அக்கா சொல்வாள். மாத்திரையை விழுங்கத் தெரியாத பெரிய மனிதர்களைப் பற்றி டாக்டர் சொல்வாள். சிரித்துச் சிரித்து ஒருத்திக்குப் புரையேறும், இன்னொருத்தி முதுகில் தட்டுவாள்.

"டாக்டரம்மா, நீ மட்டும் ஆம்பளையா இருந்திருந்தா, நான் அந்த மனுஷனத் தலமுழுகிட்டு உன்னையே கட்டியிருப்பேன்" என்பாள் அக்கா.

"எனக்குச் சமைக்கத் தெரியாதுக்கா. ஒரே வாரத்துல என்னையும் தலமுழுகிடுவீங்க."

இப்படிப்பட்ட அக்காவுக்கு மேலே க்ளினிக்கில் ஃபைல் கிடையாது. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், மொத்த வினையும் இதில்தான் இருக்கிறது. தெருவில் இருக்கிற நண்டு சிண்டுக்கெல்லாம் ஃபைல் உண்டு. பச்சை அட்டை, மேலே எண், உள்ளே தேதி வாரியாக எல்லாம் இருக்கும். அக்காவுக்கு மட்டும் படிக்கட்டு வைத்தியம்தான். "தலை வலிக்குது" என்பாள், டாக்டர் கோட் பாக்கெட்டிலிருந்து மாத்திரையை எடுத்து நீட்டுவாள். சொந்த மனுஷிக்கு என்ன டோக்கன், என்ன ஃபைல்! எல்லோரையும் நாளைக்கு வா, நாளைக்கு வா என்று விரட்டுகிற டாக்டர், அக்காவிடம் ஒரு நாள்கூட அப்படிச் சொன்னதில்லை. நாளைக்குத்தான் எப்படியும் பார்க்கப் போகிறாளே.

அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோதும் படிக்கட்டு வைத்தியம்தான் நடந்தது. துணி மூட்டையைத் தூக்கினால் களைப்பு, முகம் வெளிறிப் போயிருந்தது. டாக்டர் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தாள். ரத்தம் குறைவு, லேபில் பார்த்ததில் எட்டுதான் இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை எழுதினாள். ஆனால் அவள் மட்டமான டாக்டர் இல்லை, சும்மா சொல்லக்கூடாது. மாதவிடாய் நின்ற வயதில் ஒரு பெண்ணுக்கு ரத்தம் குறைந்தால் அது எங்கேயாவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். மூன்று வாரம் மாத்திரை சாப்பிட்ட பிறகு ரத்தப் பரிசோதனையோடு மலப் பரிசோதனையும் சேர்த்து எழுதிக் கொடுத்தாள்.

ரிப்போர்ட் வந்தது. லேப் ஆள் வழக்கம்போல் கீழேயே கொடுத்துவிட்டுப் போனான். அக்கா அதை, வழக்கம்போல், இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டின் பாக்கெட்டில் வைத்து மேலே அனுப்பினாள். டாக்டர் அடுத்த நாள் கோட்டைப் போட்டுக்கொண்டாள், கவரைப் பிரித்தாள். முதல் பக்கத்தில் ரத்த அளவு. எட்டிலிருந்து பத்தரைக்கு ஏறியிருந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷம். காத்திருந்த நோயாளிகளைத் தாண்டி, தடதடவென்று படியிறங்கி ஓடினாள்.

"அக்கா, ரத்தம் ஏறிடுச்சு!"

"அதான் நேத்துலருந்து கோவமா வருதா எனக்கு" என்றாள் அக்கா. இரண்டு பேரும் சிரித்தார்கள். டாக்டர் ரிப்போர்ட்டை மேஜை இழுப்பறையில் போட்டாள். இரண்டு தாள் சேர்த்துப் பின் அடித்த ரிப்போர்ட் அது. இரண்டாவது தாளை அவள் திருப்பவேயில்லை.

ஃபைல் இருந்திருந்தால் அவள் ரிப்போர்ட்டை ஒட்டியிருப்பாள். ஒட்டும்போது இரண்டு தாளையும் பார்த்திருப்பாள். அசாதாரணமாக ஏதாவது இருந்தால் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவது அவள் இருபத்தைந்து வருஷ வழக்கம். அந்த வழக்கமெல்லாம் அந்நியர்களுக்கு. சொந்தத்துக்கு ஓட்டமும் சிரிப்பும்.

ஏழு மாதம் கழித்து ஒரு முற்பகலில் அக்கா இஸ்திரி மேஜையிலேயே சரிந்து விழுந்தாள். மகள் வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் போனில் அழுதாள்: "சித்தி, குடல்ல கட்டியாம். பரவ ஆரம்பிச்சிருச்சாம். உடனே ஆபரேஷன் பண்ணணுமாம். மலம் போறதுக்கு வயித்துல பை வெப்பாங்களாம் சித்தி."

டாக்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனை வைத்ததும் இழுப்பறையை அப்படியே இழுத்துத் தரையில் கவிழ்த்தாள். பழைய ரசீது, மருந்துக் கம்பெனிப் பேனா, தீர்ந்துபோன பேட்டரி, நடுவில் அந்தக் கவர். திருப்பினாள். இரண்டாவது தாளில் ஒரே ஒரு வரி: மலத்தில் ரத்தம், இருக்கிறது. பக்கத்தில் லேப்காரர்களே நட்சத்திரம் போட்டிருந்தார்கள். தரையில் உட்கார்ந்து அந்த நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே நோயாளிகள் கதவைத் தட்டினார்கள். அன்றைக்கு முதல் முறையாக ஒருவரையும் பார்க்காமல் திருப்பி அனுப்பினாள்.

யாரிடம் சொல்வது? இப்படிப்பட்ட விஷயத்தைச் சொல்லி அழ அவளுக்கு உலகத்தில் இருந்த ஒரே ஆள் லாண்டரி அக்காதான். கடைசியில் கூடப் படித்த எலும்பு டாக்டரைப் போனில் பிடித்தாள். அவன் வேறு ஊரில் இருக்கிறான், வருஷத்துக்கு ஒரு தடவை பேசுவான். கேட்டு முடித்ததும் அவன் முதலில் கேட்ட கேள்வி, "இன்ஷூரன்ஸ் இருக்கா?"

இருந்தது. அது இல்லாமல் க்ளினிக் நடத்த அனுமதி கிடையாது. வருஷா வருஷம் புதுப்பிக்கச் சொல்லிக் காகிதம் வரும், பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புவாள். டாக்டர் தப்புச் செய்துவிட்டார் என்று யாராவது வழக்குப் போட்டால் வக்கீலையும் நஷ்ட ஈட்டையும் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்ற அளவுக்கு அவளுக்குத் தெரியும். நாற்பத்திரண்டு பக்கம், எறும்பு ஊர்வது மாதிரி எழுத்து. எந்தப் புண்ணியவான் அதைப் படிப்பான்? அவளும் படித்ததில்லை.

"இப்பவே கம்பெனிக்குப் போன் பண்ணு" என்றான் எலும்பு டாக்டர். "கேஸ் வரட்டும்னு காத்திருக்காத. தெரிஞ்ச உடனே சொல்லலைன்னா, அதையே காரணமாக் காட்டிக் கையக் கழுவிடுவாங்க."

"நான் க்ளினிக்கையே மூடிடலாம்னு பாக்கறேன்."

"பைத்தியமா உனக்கு? மூடினாலும் பாலிசிய மட்டும் விட்டுடாத. நம்ம பாலிசி, தப்பு நடந்த தேதியப் பாக்காது. கேஸ் வர்ற அன்னிக்கு பாலிசி உயிரோட இருக்கான்னுதான் பாக்கும். நிறுத்தினியோ, பழைய தப்புக்கும் சேத்து நீ நடுத்தெருவுல நிப்ப. வேலைய விட்டுட்டுப் போறவங்க பின்னாடி வர்ற கேஸுக்குன்னே தனியாப் பணம் கட்டிட்டுப் போறாங்க, தெரியுமா?"

தெரியாது. இருபத்தைந்து வருஷம் கட்டினோமே, இருபத்தைந்து வருஷத்துக்கும் பாதுகாப்பு இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அன்றைக்கு அவளுக்கு அந்தக் கணக்கெல்லாம் காதில் ஏறவில்லை. அக்காவிடம் எப்படிச் சொல்வது என்ற ஒன்றுதான் மண்டையைக் குடைந்தது. சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும், இதே.

ஆனாலும் எலும்பு டாக்டர் சொன்னபடி கம்பெனிக்குத் தகவல் சொன்னாள், கம்பெனி வக்கீல் மறுநாள் கூப்பிட்டார். குரலில் குறையே சொல்ல முடியாது, அவ்வளவு பதவிசு.

"பதற்றப்படாதீங்க மேடம். இதெல்லாம் எங்களுக்குத் தினமும் வர்றதுதான். முதல்ல, ரெக்கார்டுல ஒரு புள்ளிகூட மாத்தாதீங்க. அவங்க ஃபைல அப்படியே காப்பி எடுத்து அனுப்புங்க."

"ஃபைல் இல்லைங்க."

"இல்லைன்னா?"

"அவங்க எனக்கு... அவங்களுக்கு நான் ஃபைல் போட்டதில்ல."

"சரி. இப்ப புதுசா ஒண்ணு எழுதிடாதீங்க, அது இன்னும் மோசம். ரெண்டாவது, தப்பு என்னோடதுன்னு யார்கிட்டயும் ஒத்துக்காதீங்க. அவங்ககிட்ட இதப்பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க. பேசினா கம்பெனி பொறுப்பு ஏக்காது, பாலிசியிலயே இருக்கு. கொஞ்சம் தள்ளியே இருக்கறது நல்லது மேடம்."

மருந்துச் சீட்டு எழுதுகிற அட்டையில் டாக்டர் குறித்துக்கொண்டாள். மாற்றக்கூடாது. ஒத்துக்கொள்ளக்கூடாது. பேசக்கூடாது. பார்க்கக்கூடாது. நாலு வரி. அதை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தாள்.

ஆபரேஷன் நடந்த அன்று அவள் போகவில்லை. அக்கா ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், ஒரு நாளும் போகவில்லை. மகள் கூப்பிடுவாள். "சித்தி, அம்மா கண்ணு முழிச்சாச்சு. உங்களத்தான் கேக்கறாங்க."

"இங்க ஒரே காய்ச்சல் கேஸும்மா. நகர முடியல. வரேன்னு சொல்லு."

"சித்தி, அந்தப் பைய மாத்தறதுக்கு நர்ஸ் சொல்லிக் குடுக்கறாங்க, அம்மா பாக்கவே மாட்டேங்கறாங்க. நீங்க வந்து சொன்னாக் கேப்பாங்க."

"வரேம்மா. நாளைக்கு வரேன்."

அந்த நாளைக்கு வரவேயில்லை. காய்ச்சல் கேஸ் ஒன்றும் இல்லை; க்ளினிக்கில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். மத்தியானம் படிக்கட்டில் உட்கார்ந்தால் கீழே இரும்பு ஷட்டர் இறங்கிக் கிடந்தது. சாப்பாட்டை எடுத்துக்கொண்டு மேலே போய், பின்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டு நாள் வாயைத் திறந்து யாரிடமும் வைத்தியம் தவிர வேறொன்றும் பேசவில்லை என்று ஒரு சனிக்கிழமை அவளுக்கே உறைத்தது. வெள்ளைக் கோட்டுகளை அவளே துவைத்தாள். இஸ்திரி போடத் தெரியவில்லை, காலர் சுருண்டுகொண்டது. நோயாளி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "கீழ அக்கா இல்லாம உங்களுக்குக் கை ஒடிஞ்ச மாதிரி இருக்குமே டாக்டர்" என்றாள். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு, மூச்சை இழுத்துவிடச் சொன்னாள்.

ஏன் இப்படிச் செய்தாள்? கோழையா? கோழைதான், நான் ஒன்றும் பூசி மெழுகப் போவதில்லை. ஆனால் அவளைக் கேட்டால் கண்ணாடிக்கு அடியில் இருந்த நாலு வரியைக் காட்டியிருப்பாள். சட்டம் சொல்கிறது, நான் என்ன செய்ய? கட்டிப்போட்டிருக்கிறார்கள், இல்லாவிட்டால் ஓடிப் போயிருப்பேன். இதைத் தனக்குத் தானே தினமும் சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல அது உண்மை மாதிரியே ஆகிவிட்டது.

மகளின் போன் நின்றுபோனது. இரண்டாம் மாதக் கடைசியில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. மகள் லேபுக்குப் போய் ரிப்போர்ட்டின் நகலை வாங்கியிருந்தாள். நட்சத்திரம் அதிலும் இருந்தது. நோட்டீஸின் கடைசிப் பத்தியில் ஒரு வரி: 'விவரம் அறிந்த பின்பும் தாங்கள் நோயாளியையோ குடும்பத்தாரையோ ஒரு முறையும் சந்திக்கவில்லை.' மற்ற வரிகளையெல்லாம் டாக்டர் ஒரு முறை படித்தாள். இந்த வரியை எத்தனை முறை படித்தாள் என்று கணக்கில்லை.

கம்பெனி வக்கீல் அதையும் பதவிசாகவே வாங்கிக்கொண்டார். "எதிர்பாத்ததுதான் மேடம். நாங்க பாத்துக்கறோம். நீங்க நிம்மதியா உங்க வேலையப் பாருங்க."

நிம்மதியாம்! அதற்குள் அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள், மகளோடு ரெண்டு தெரு தள்ளி ஒரு ஃப்ளாட்டில். நடந்தால் ஆறு நிமிஷம். டாக்டர் காய்கறி வாங்க வேறு பக்கமாகச் சுற்றிப் போனாள். ஒருநாள் மருந்துக்கடை வாசலில் மகளை நேருக்கு நேர் பார்த்துவிட்டாள். வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விட்டாள்.

இன்னும் மூன்று மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேறு வேலையே இல்லாமல் போன ஒரு மத்தியானம், டாக்டர் பாலிசியைக் கையில் எடுத்தாள். புதுப்பிக்கச் சொல்லிக் காகிதம் வந்திருந்தது. இந்தத் தடவையாவது என்னத்தில் கையெழுத்துப் போடுகிறோம் என்று பார்ப்போமே என்று தோன்றியது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கையில் பென்சிலோடு, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். வக்கீல் மொழி. ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடியது. எலும்பு டாக்டர் சொன்னதெல்லாம் இருந்தது. பத்தொன்பதாம் பக்கத்தில் அந்த நிபந்தனை வந்தது: கம்பெனியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக்கூடாது, பணம் தருவதாக வாக்குக் கொடுக்கக்கூடாது.

அவ்வளவுதான் இருந்தது. பக்கத்தைத் திருப்பினாள். இருபது. இருபத்தொன்று. நாற்பத்திரண்டாம் பக்கத்தின் கடைசி எழுத்து வரை தேடினாள். நோயாளியைப் போய்ப் பார்க்கக்கூடாது என்று எங்கேயும் இல்லை. படுக்கைக்குப் பக்கத்தில் உட்காரக்கூடாது, கையைப் பிடிக்கக்கூடாது, பை மாற்றச் சொல்லித் தரக்கூடாது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

திங்கட்கிழமை காலையில் வக்கீலைக் கூப்பிட்டாள். "நீங்கதானே அவங்களப் பாக்கக்கூடாதுன்னு சொன்னீங்க?"

"நான் எங்க மேடம் அப்படிச் சொன்னேன்? தள்ளி இருந்தா நல்லதுன்னு சொன்னேன். அது ஒரு யோசனை. போய்ப் பாத்து உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கறதுக்கெல்லாம் தடை கிடையாது. எத்தனையோ டாக்டருங்க போறாங்களே."

டாக்டர் கண்ணாடிக்கு அடியில் இருந்த அட்டையைப் பார்த்தாள். நாலாவது வரி அவள் கையெழுத்து. அவர் சொல்லாததை அவளே எழுதியிருந்தாள்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்" என்றார் வக்கீல். "கேஸ இழுக்க வேண்டாம்னு கம்பெனி முடிவு பண்ணியிருக்கு. அவங்க தரப்போட பேசிட்டிருக்கோம். சீக்கிரம் முடிஞ்சிரும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

"உங்க பாலிசியில அந்த உரிமை கம்பெனிக்குத்தான் மேடம். டாக்டர் சம்மதம் வேணும்னு போட்ட பாலிசியும் இருக்கு, அது வேற. உங்களுக்கு என்ன கவலை? உங்க கைக்காசு ஒண்ணும் போகாது. தப்புன்னு எழுதவும் மாட்டோம்."

"இல்ல, நான் அவங்ககிட்ட... நான்தான் பண்ணினேன்னு சொல்லணும்."

"சமரசப் பத்திரத்துல கையெழுத்து ஆகற வரைக்கும் அத மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னீங்கன்னா பொறுப்பு உங்க தலையில. யோசிச்சுக்கங்க."

யோசித்தாள். அது அவள் செய்த இன்னொரு தப்பு. தலையில் விழுந்தால் விழட்டும், க்ளினிக்கே போனாலும் போகட்டும், போய்ச் சொல்லிவிடுவது என்று திங்கட்கிழமையே முடிவெடுத்தாள். செவ்வாய்க்கிழமை கிளம்பினாள், செருப்பை மாட்டினாள், கழற்றினாள். புதன்கிழமை மழை. வியாழக்கிழமை அந்தத் தெரு முனை வரை போய்விட்டு, வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். இப்படியே பதினோரு நாள். இடையில் வக்கீலிடமிருந்து வந்த கடிதத்தைப் பிரிக்கவே பயந்து அப்படியே வைத்திருந்தாள். பன்னிரண்டாம் நாள், ஒரு சனிக்கிழமை காலை, க்ளினிக்கில் டோக்கன் வாங்கிக் காத்திருந்த ஆறு பேரையும் விட்டுவிட்டு, போட்டிருந்த கோட்டோடு இறங்கி நடந்தாள். நின்றால் திரும்பிவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

மகள்தான் கதவைத் திறந்தாள்.

"வாங்க டாக்டர்."

சித்தி இல்லை. டாக்டர். பத்து வயதிலிருந்து தன் மடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பெண்.

அக்கா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். தலையில் துணி சுற்றியிருந்தது. மடியில் துவைத்த துண்டுகள். ஒவ்வொன்றாக எடுத்து விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"உட்காருங்க" என்றாள்.

பதினேழு வருஷத்தில் அக்கா அவளை 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மரியாதை இப்படியும் ஒரு ஆளை அடிக்கும் என்பது டாக்டருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். சொன்னா எனக்கு இன்ஷூரன்ஸ் இல்லாமப் போயிடும். பரவாயில்ல, சொல்லிடறேன்."

"அதெல்லாம் ஒண்ணும் போகாது" என்றாள் அக்கா, துண்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "புதன்கிழமையே கையெழுத்துப் போட்டாச்சு. உங்க ஆளுங்க சொல்லலையா?"

பிரிக்காத கடிதம். இனி அவள் என்ன சொன்னாலும் அவளுக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. க்ளினிக்கைப் பணயம் வைக்கத் துணிந்து வந்தவள், சும்மா வந்தவளாகிவிட்டாள். ஆனாலும் சொன்னாள். வேறு எதற்காக வந்தாள்?

"ரத்தம் ஏறிடுச்சுன்னு ஓடி வந்தேனேக்கா, அன்னிக்கு நான் முதல் பக்கம்தான் பாத்தேன். ரெண்டாவது பக்கத்தத் திருப்பவே இல்ல. திருப்பியிருந்தா அப்பவே கண்டுபிடிச்சிருக்கலாம். இந்தப் பையே வேண்டியிருந்திருக்காது. வேற யார் மேலயும் தப்பு இல்ல, நான்தான் பண்ணினேன்." மூச்சு வாங்கியது. "அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வரக்கூடாதுன்னு யாரும் சொல்லலக்கா. சொன்னாங்கன்னு நானே நினைச்சுக்கிட்டேன். எனக்குப் பயம். உங்க முகத்தப் பாக்கப் பயம். அதுக்கு ஒரு காகிதம் கிடைச்சுது, அதுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிட்டேன்."

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கோட்டின் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மகள் சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அக்கா ஒரு துண்டை மடித்து முடித்து அடுக்கின்மேல் வைத்தாள். ஏதோ சொல்ல வருகிற மாதிரி உதடு அசைந்தது. டாக்டர் காத்திருந்தாள். திட்டட்டும். எழுந்து போடி என்று சொல்லட்டும். போடி என்றால்கூட அதில் ஒரு உறவு இருக்கிறது.

"இதப்பத்தி யார்கிட்டயும் பேசமாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேன்" என்றாள் அக்கா. "வக்கீல் சொல்லியிருக்கார். ஒரு வார்த்தை பேசக்கூடாதாம்."

அப்படி இருக்காது. டாக்டருக்கு இப்போது பாலிசி படிக்கத் தெரியும், இதுவும் அதே குடும்பத்துக் காகிதம்தான். தொகையை வெளியே சொல்லக்கூடாது என்றிருக்கும், பத்திரிகைக்குப் போகக்கூடாது என்றிருக்கும். எதிரில் உட்கார்ந்து அழுகிறவளிடம் மன்னிச்சேன் என்றோ, ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டேன் என்றோ சொல்லக்கூடாது என்று எந்த வக்கீலும் எழுதியிருக்கமாட்டான். காகிதத்தைக் காட்டுங்கக்கா, நான் படிச்சுச் சொல்றேன் என்று நாக்கு நுனி வரை வந்தது.

கேட்கவில்லை. அரை வருஷம் அவள் இதே மாதிரி ஒரு காகிதத்துக்குப் பின்னால் இருந்தவள். அது எவ்வளவு சௌகரியமான இடம் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

"சரிக்கா" என்றாள். "பேச வேண்டாம்."

அக்கா தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்த துண்டை எடுத்தாள்.